கடலடியில் எண்ணெய் ஏரி எதுவும் இல்லை

கடலில் எண்ணெய் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தால் எல்லோரும் கேட்பது, "எத்தனை கோடி பீப்பாய்?" என்றுதான். நிலவியல் தொழிலில் இருக்கும் எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு. எந்தப் பாறையில்?

எண்ணெய் குகையிலோ ஏரியிலோ தேங்கி நிற்பதில்லை. கிணற்றிலிருந்து எடுத்த பாறை உருளையைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். வெறும் வெளிறிய கல். முகர்ந்தால் மண்ணெண்ணெய் போல ஒரு வாடை. புறஊதா விளக்கின்கீழ் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். கல் மஞ்சளாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத துளைகளில்தான் எண்ணெய் அடைந்து கிடக்கிறது. துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்காவிட்டால் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஆகவே செய்தியில் வரும் எண், பாறைக்குள் இருப்பதன் மதிப்பீடா, வெளியே எடுக்கக்கூடியதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நில அதிர்வு ஆய்வை (ஒலி அலைகளைக் கடலடிக்கு அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் பதிவுசெய்வது) மட்டும் வைத்து வரும் அறிவிப்புகளை நான் பொருட்படுத்துவதே இல்லை. அது பாறையின் வடிவத்தைக் காட்டும். உள்ளே எண்ணெயா உப்புநீரா என்பதைத் துளையிட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

கிணறு தோண்டி உற்பத்தி தொடங்கிவிட்டால் பாறையின் கதை முடிந்தது என்று நினைப்பவர்கள், வட கடலில் நார்வேயின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலைப் பற்றிப் படிக்க வேண்டும். 1969-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1971-இல் உற்பத்திக்கு வந்தது. கடலின் ஆழம் சுமார் 70 மீட்டர். எண்ணெய்ப் பாறை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் கீழே. நுண்ணிய கடற்பாசிகளின் சுண்ணத் தகடுகள் படிந்து உருவான சாக்குப் பாறை (ஆங்கிலத்தில் chalk) அது. சில அடுக்குகளில் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் துளைதான்.

மேலே உள்ள அத்தனை சுமையையும் கல் மட்டும் தாங்குவதில்லை. துளைகளில் உள்ள திரவத்தின் அழுத்தமும் தோள் கொடுக்கிறது. எண்ணெயை எடுக்க எடுக்க அழுத்தம் குறையும், சுமை கல்லின்மேல் இறங்கும். கெட்டியான மணற்கல் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சாக்கு நொறுங்கி அமுங்கிவிடும். எக்கோஃபிஸ்க்கில் அதனோடு கடலின் தரையும் இறங்கியது.

அது 1984-இல் தெரியவந்த விதம்தான் சுவையானது. அங்கிருந்த கான்கிரீட் எண்ணெய்த் தொட்டியின் அலைத்தடுப்புச் சுவரில் வரிசை வரிசையாகத் துளைகள் இருந்தன. பழைய படங்களோடு ஒப்பிட்டபோது, நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்த வரிசைகள் குறைந்திருந்தன! 1987-இல், தரையோடு சேர்ந்து தாழ்ந்திருந்த எண்ணெய் மேடைகளின் எஃகுக் கால்களை வெட்டி, நீரியல் தூக்கிகளால் மேல்தளங்களை 6 மீட்டர் உயர்த்தினார்கள்.

அதே காலத்தில் பெரிய அளவில் கடல்நீரைப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். எண்ணெய் கூடுதலாக வந்தது, அழுத்தமும் மீண்டது. தரை இறங்குவது மட்டும் உடனே நிற்கவில்லை. கடல்நீர் பட்ட சாக்கு வலுவிழக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த அமுங்கலே எண்ணெயைப் பிழிந்து வெளியேற்றவும் உதவியது. தொடக்கத்தில் பாறையில் இருப்பதில் சுமார் 17 விழுக்காடுதான் எடுக்கலாம் என்று கணித்திருந்தார்கள். பின்னர் அது 50 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. 1998-இல் உற்பத்திக்கு வந்த புதிய மேடைகளை, தரை இன்னும் இறங்கும் என்று கணக்கிட்டே உயர்த்திக் கட்டினார்கள்.