என்புமாடம்: சொல் விளக்கம்

வட இத்தாலியில், 1,775 மீட்டர் உயரமுள்ள மோன்டே கிராப்பா மலையின் உச்சியில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான கட்டடம் ஒன்று இருக்கிறது. அதைத் தமிழில் 'போர் நினைவுச் சின்னம்' என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் இறந்த வீரர்களின் எலும்புகள் அங்கேயே இருக்கின்றன என்பதை அந்தச் சொல் சொல்லாது. இத்தாலியரின் 'ஒஸ்ஸாரியோ' என்ற சொல் அதைத்தான் முதலில் சொல்கிறது. அதற்கு ஈடான தமிழ்ச் சொல்லாக 'என்புமாடம்' என்பதை நான் தேர்ந்த கதை இது.

ஒஸ்ஸாரியோவுக்கும் ஆங்கிலத்து 'ஆசுவரி'க்கும் வேர் இலத்தீனின் 'ஓஸ்', அதாவது எலும்பு. எலும்பு இடும் கலத்துக்கும், பின்னர் அதற்கான அறைக்கும் கட்டடத்துக்கும் அப்பெயர் வழங்கியது. தேவாலய இடுகாட்டில் இடம் போதாதபோது பழைய குழிகளைத் தோண்டி எலும்புகளைச் சேர்த்து வைத்த இடம் அது. வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் 1859இல் நடந்த போரில் மடிந்தவர்களுக்காக 1870இல் அங்கே ஓர் ஒஸ்ஸாரியோ அமைந்தது. எந்தப் பக்கத்து எலும்பு என்று அதில் பிரித்துப் பார்க்கவில்லை.

மோன்டே கிராப்பாவின் அலுவல் பெயர் 'சக்ராரியோ'. புனிதப் பொருள்களை வைக்கும் இடம் என்பது அதன் பழைய பொருள். எலும்பைச் சொல்லும் பெயர் பின்னுக்குப் போய், புனிதத்தைச் சொல்லும் பெயர் முன்னுக்கு வந்த காலம் முசோலினியின் காலம் என்பதையும் மறக்கக் கூடாது. 1935 செப்டம்பரில் திறக்கப்பட்ட இதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஜொவான்னி கிரெப்பி. உடன் உழைத்தவர் சிற்பி ஜன்னீனோ காஸ்தில்யோனி.

ஏன் இந்த மலை? 1917 அக்டோபரில் கபொரெட்டோவில் தோற்ற இத்தாலியப் படை பியாவே ஆறு வரை பின்வாங்கியது. பியாவேக்கும் பிரென்டா ஆற்றுக்கும் நடுவே நிற்பது கிராப்பா. அது விழுந்தால் எதிரியான ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைக்கு வெனெட்டோச் சமவெளி திறந்துவிடும். 1917 நவம்பர் முதல் 1918 அக்டோபர் முடிய அங்கே சண்டை நடந்தது, மலை விழவில்லை. தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்ட இடம் என்பதால்தான் இத்தாலியர் அதைத் தாய்நாட்டின் புனித மலை என்கிறார்கள். 1921இல் ரோமில் அடக்கம் செய்வதற்கு 'பெயரறியா வீரர்' ஒருவரைத் தேர்ந்தெடுக்க, போர்முனைகளிலிருந்து கொண்டுவந்த பதினோர் உடல்களில் ஒன்று கிராப்பாவுடையது.

கட்டடம் ஐந்து வட்ட அடுக்குகளாக ஏறுகிறது. சுவரெங்கும் சிறு மாடங்கள். அங்கே வைக்கப்பட்டுள்ள இத்தாலிய வீரர்கள் 12,615 பேரில் 10,332 பேரின் பெயர் தெரியவில்லை. சற்றுத் தள்ளி ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையினர் 10,295 பேர். அவர்களில் பெயர் தெரிந்தவர்கள் 295 பேர்தான். எதிரிக்கும் அதே உச்சியில் இடம் கொடுத்தது, வெற்றியைக் கொண்டாடக் கட்டியவர்கள் செய்ததா என்று வியக்க வைக்கிறது.

இனி, தமிழில் என்ன சொல்வது? 'நடுகல்' உடனே நினைவுக்கு வரும். ஆனால் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்தும் அந்த மரபில் மையம் கல்தான். அடியில் உடல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 'பதுக்கை' வழிப்பறியில் மடிந்தோர் மீது குவித்த கற்குவியல். உடலுக்கு நெருக்கமான சொல், ஆனால் இவ்வளவு பெரிய கட்டடத்தைத் தாங்காது. இறந்தவரை இட்டுப் புதைக்கும் 'தாழி' கலம் மட்டுமே. 'எலும்புக்கூடம்' என்றால் வாசகர் எலும்புக்கூட்டை நினைத்துக்கொள்வார்.

'என்பு' குறளிலேயே இருக்கும் சொல். எலும்பு என்பதைவிட அதற்கு ஒரு மரியாதையும் உண்டு. மயிலாப்பூர்ப் பூம்பாவையின் என்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்தார்கள் என்கிறது பெரியபுராணம். அந்த 'மாடம்' அடுக்குக் கட்டடத்தையும் குறிக்கும், விளக்கு வைக்கும் சுவர்க்குழியையும் குறிக்கும். கிராப்பாவில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே 'என்புமாடம்' என் தேர்வு.

பெயர்களை மட்டும் பொறித்த தில்லி தேசியப் போர் நினைவகம் போன்றவற்றுக்கு இச்சொல் பொருந்தாது. அவற்றுக்கு 'நினைவகம்' போதும். உடலில்லாமல் எழுப்பும் 'செனடாஃப்' என்பதற்கு 'வெறுங்கல்லறை' எனலாம்; கிரேக்க மூலமும் அதையேதான் சொல்கிறது.