பையோடு வரும் இரும்பு

பிறவியிலேயே வரும் கடுமையான இரத்தசோகை நோயான தலசீமியா மேஜர் உள்ள பிள்ளைக்கு இரத்தம் ஏற்றும் நாள் நெருங்குவது நாட்காட்டியைப் பார்க்காமலே தெரியும். முகம் வெளுத்து, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடும். ஏற்றி முடித்த பிறகு தெம்பாக ஓடும். சரி, தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் அடுத்த தொல்லை அந்த இரத்தப் பையோடுதான் வந்து இறங்கியிருக்கிறது.

ஹீமோகுளோபினின் ஒரு பாகமான பீட்டா சங்கிலிக்கான மரபணு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால், சிவப்பணுக்களில் பெரும்பங்கு எலும்பு மஜ்ஜையிலேயே செத்துப்போகும். அதனால்தான் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை வெளி இரத்தம். ஒரு பையில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பிலிருந்து ஒரு நாளில் கழிவதோ 1, 2 மில்லிகிராம்தான். மிச்சத்தை வெளியேற்ற உடம்பில் வழியே கிடையாது. சாக்கடை வைக்காமல் கட்டிய வீடு மாதிரி. மாதம் 2 பை ஏற்றினால் வருடத்துக்கு 4.8 கிராம் சேரும். நல்ல ஆரோக்கியமான ஆளின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 4 கிராம் அளவுதான். இது ஈரலிலும் இதயத்திலும் படியும். ஹார்மோன் சுரப்பிகளில் படிந்தால் வளர்த்தியும் பூப்பும் தள்ளிப்போகும்.

இரும்பைப் பிடித்து வெளியே கொண்டுபோக மருந்து உண்டு. டெஃபெராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன் இரண்டும் வாயால் சாப்பிடுபவை. பழைய மருந்தான டெஸ்ஃபெரியாக்சமினுக்குத் தோலடியில் ஊசி குத்தி, சின்ன பம்ப் மாட்டி, 8 முதல் 12 மணி நேரம் ஏற்ற வேண்டும். அதுவும் வாரத்தில் 5 ராத்திரியாவது.

வார்டில் நர்ஸ் செய்வது கண்ணுக்குத் தெரியும். பையின் எண்ணையும் இரத்த வகையையும் இருவராகச் சரிபார்ப்பார்கள். முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு, குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வருகிறதா என்று பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய வேலை பேச்சில் இருக்கிறது. டெஸ்ஃபெரியாக்சமின் போட்டால் சிறுநீர் செம்மண் நிறத்தில் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், அம்மா பயந்துபோய் பம்பையே கழற்றிவிடுவார். டெஃபெரிப்ரோன் சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கதை வேறு: மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அந்த மருந்து சிலருக்கு வெள்ளணுக்களை அபாயமான அளவுக்குக் குறைத்துவிடும்.

பதினைந்து வயதுப் பெண்ணிடம் “மருந்து ஒழுங்கா போடுறியா?” என்று கேட்டால் “ஆமா சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். அனுபவப்பட்ட நர்ஸ் அப்படிக் கேட்பதில்லை. “போன வாரம் எத்தனை ராத்திரி விட்டுப்போச்சு பாப்பா?” என்பார். அப்போதுதான் சித்தி வீட்டுக் கல்யாணமும், எல்லார் முன்னாலும் பம்ப் மாட்டக் கூச்சமும் வெளியே வரும். அப்புறம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால், ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டியாக இருக்கும். “இங்க ரொம்ப வலிக்குது சிஸ்டர்.” “சரி, இன்னைக்குத் தொடையில போட்டுப் பார்ப்போம்.”