சூடாகாத கேத்தோடு, கண்ணில் படாத தூசி

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு ‘குளிர் கேத்தோடு’ (சூடாக்காமலே எலக்ட்ரானை வெளிவிடும் மின்முனை) என்ற பெயரே ஒரு தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. டங்ஸ்டன் இழை 2,400 டிகிரி செல்சியஸ் அளவில் வெள்ளையாகக் காய்ந்தால்தான் எலக்ட்ரானை விடும். இதில் சூடே இல்லையே, அப்புறம் என்ன பயம் என்கிறார்கள்.

தட்டையான உலோகத்திலிருந்து எலக்ட்ரானை மின்புலத்தால் மட்டும் இழுக்க, நானோமீட்டருக்குச் சில வோல்ட் வேண்டும். கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாயான கார்பன் நானோகுழாயின் நுனியில் புலம் பல நூறு மடங்கு குவிவதால், மைக்ரோமீட்டருக்குச் சில வோல்ட்டே போதும். குழாய்களை வெள்ளிப் பசையோடும் கண்ணாடித் தூளோடும் கலந்து, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பூசிச் சுடுகிறோம். சுட்டபின் குழாய்கள் பசைக்குள் படுத்துக் கிடக்கும். மேலே டேப்பை ஒட்டி உரித்தால் நுனிகள் எழுந்து நிற்கும்.

உரித்த அந்த டேப்பைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒருநாள் ஒரு மாணவர் அதைக் கசக்கிச் சாதாரணக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். கூடையின் விளிம்பிலும் பக்கத்துத் தராசின் தட்டிலும் கரும்பொடி. கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததுதான் நுரையீரலுக்குள் போகும். நீளமும் விறைப்பும் கொண்ட பலசுவர்க் குழாய்கள் (ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த நானோகுழாய்கள்) எலிகளில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற அழற்சியை உண்டாக்கியிருக்கின்றன. அவற்றில் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் சேர்த்தது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம்.

அதனால் பொடியை எடைபோடுவது வடிகட்டி உள்ள அடைப்புப் பெட்டிக்குள் மட்டும். துடைப்பதென்றால் ஈரத்துணி, துடைப்பமோ ஊதுவதோ கூடவே கூடாது. துணி முகக்கவசம் இதற்கு உதவாது. டேப், கையுறை, துணி எல்லாம் மூடிய பையில், பெயர் எழுதி.

அடுத்தது மின்னழுத்தம். கேத்தோடு குளிர்ந்திருந்தாலும், வேகமாக வந்து ஆனோடில் (எதிரே உள்ள நேர்மின்முனையில்) மோதும் எலக்ட்ரான் எக்ஸ்-கதிரை உண்டாக்கும். சில கிலோவோல்ட்டில் எழுவதை, கேத்தோடு இருக்கும் வெற்றிடக் கலத்தின் எஃகுச் சுவரே தடுத்துவிடும். முப்பது, நாற்பது என்று ஏற்றும்போது சாதாரணப் பார்வைக் கண்ணாடியை நம்பக் கூடாது. ஈயக் கண்ணாடியும் கதிர் அளவியும் வேண்டும்.

மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றும்போது எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் திரையில் முதலில் நான்கைந்து பச்சைப் புள்ளிகள் மினுங்கும். உயரமான குழாய்கள் எரிந்து அடங்கிய பிறகுதான் ஒளி பரவும். அழகான காட்சி, எனக்கே இன்னும் அலுக்கவில்லை. எல்லோரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்க்கத் துடிப்பதும் அப்போதுதான். சரி, பாருங்கள், ஆனால் கேமராவில்.