லத்தியை எண்ணி யானையைக் கணக்கிடுவது எப்படி?

முதுமலை போன்ற காட்டில் யானைகளை நேரில் பார்த்து எண்ணி முடிப்பது கடினம். உண்ணிச்செடிப் புதருக்குள் நிற்கும் மந்தை மிக அருகில் இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். லத்தி எனப்படும் யானைச் சாணமோ போட்ட இடத்திலேயே கிடக்கும். யானைகள் இரு மடங்கானால் லத்திக் குவியல்களும் இரு மடங்காகும். பள்ளிக் கணக்கில் வரும் நேர் மாறல்தான் இது.

ஒரு யானைக்கு எத்தனை குவியல் என்பதே இதன் மாறிலி; அதில் இரண்டு எண்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, ஒரு யானை நாளொன்றுக்கு எத்தனை முறை லத்தி போடுகிறது என்பது. முதுமலையில் கணிக்கப்பட்ட 16.33 என்ற அளவு தென்னிந்தியக் கணக்கெடுப்புகளில் பெரிதும் பயன்படுகிறது. மற்றொன்று, ஒரு குவியல் மட்கி மறைய சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்பது.

களத்தில் 2 கி.மீ. நீளமுள்ள நேர்கோட்டுப் பாதைகளில் நடக்கிறார்கள். குவியலைக் கண்டதும் அதன் நடுவிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுத வேண்டும். தூரம் கூடக்கூடப் பார்வைக்குத் தப்புபவை கூடும் என்பதால், கோட்டின் இருபுறமும் எவ்வளவு அகலம் உண்மையில் பார்க்கப்பட்டது என்பதை இந்த அளவுகளே சொல்லும். கோட்டின் மேலேயே கிடப்பது ஒன்றுகூடத் தப்பக்கூடாது. நடக்கச் சுலபம் என்று யானைத்தடத்தையோ ஜீப் பாதையையோ கோடாக எடுத்தால் கணக்கு எகிறிவிடும், ஏனென்றால் யானைகளும் அதே வழியில்தான் நடக்கின்றன. நடந்துகொண்டே போட்ட உருண்டைகள் சிதறிக் கிடந்தாலும், அளவும் நிறமும் பழமையும் ஒத்திருந்தால் ஒரே குவியல்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு: பத்துப் பாதைகள், மொத்தம் 20 கி.மீ., பார்வை அகலம் பக்கத்துக்கு 2.5 மீட்டர். பரப்பு 0.1 சதுர கி.மீ. கிடைத்த குவியல்கள் 250 என்றால் சதுர கி.மீட்டருக்கு 2,500. ஒரு குவியல் 100 நாள் நிற்கும் என்றால், நாளொன்றுக்குப் புதிதாக விழுபவை 25. அதை 16.33 ஆல் வகுத்தால் சதுர கி.மீட்டருக்கு 1.53 யானை. 500 சதுர கி.மீ. காட்டில் சுமார் 765.

இப்போது ஆயுளை மட்டும் 150 நாள் என்று மாற்றிப் பாருங்கள். எண்ணிய குவியல் அதேதான், விடை 510 ஆகிவிடுகிறது! கணக்கெடுப்பின் நம்பகத்தன்மை இந்த ஓர் எண்ணில்தான் தொங்குகிறது. சாண வண்டு, கரையான், மழை, வெயில் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் எண் அது. வேறொரு காட்டில், வேறொரு பருவத்தில் அளந்ததைக் கடன் வாங்குவது தவறு.

இன்னொன்று, கிடைப்பது இன்றைய எண்ணிக்கை அல்ல, கடந்த சில மாதங்களின் சராசரி. கோடையில் கபினி நீர்த்தேக்கக் கரைக்கு யானைகள் வந்து சேர்ந்த உடனே எண்ணினால் விடை குறைவாகவே வரும்.

ஆயுளை அளக்க, கணக்கெடுப்புக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கி வெவ்வேறு தேதிகளில் அன்று விழுந்த புதுக் குவியல்களைத் தேடி, குச்சி நட்டு, ஜிபிஎஸ் குறித்துவைக்க வேண்டும். முதல் தேதி, மிக நீண்ட காலம் நிற்கும் குவியலின் ஆயுளையும் தாண்டி முந்தியதாக இருப்பது அவசியம். கணக்கெடுப்பு நாட்களில் ஒரே ஒரு முறை போய் எவை மிஞ்சியுள்ளன என்று பார்த்தால் போதும். ‘மறைந்தது’ என்பதற்கு இங்கே எது அளவுகோலோ, பாதையில் நடப்பவர்களும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். உருண்டை வடிவம் முழுதும் போய் வெறும் நார் பரவிக் கிடப்பதை ஒரு குழு எண்ணி, மற்றது விட்டுவிட்டால் இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்தாது.