செய்திமடலில் வீடியோ: பிளே பட்டனைத் தொட்டதும் என்ன நடக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி நிறுவனத்துக்குச் செய்திமடல் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒருநாள் போன் செய்தார். "வீடியோ ரொம்ப நல்லா வந்திருக்கு சார். அதை மெயில்லயே வெச்சு அனுப்பிடுங்க. திறந்ததும் ஓடணும்" என்றார். வீடியோ உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. இரண்டு நிமிடம் ஓடும், 22 மெகாபைட். அப்போது எனக்கு அனுபவம் குறைவு. மறுத்துப் பேசாமல் அட்டாச்மென்டாகச் சேர்த்து, முதலில் ஐந்து முகவரிகளுக்குச் சோதனையாக அனுப்பினேன். மூன்று திரும்பி வந்துவிட்டன. ஒன்று ஸ்பேமில் கிடந்தது. மீதி ஒன்று போய்ச் சேர்ந்தது. ஆனால் போனில் அது இறங்கி முடிவதற்குள் பொறுமை போய்விட்டது.

மின்னஞ்சல் எப்படி வேலை செய்கிறது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அதில் தெரிந்துகொண்டதும், பின்னால் பல மடல்களில் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

மின்னஞ்சல் வெறும் எழுத்துகளைக் கொண்டுபோகப் பிறந்தது. படம், ஒலி என்று எதை வேண்டுமானாலும் சேர்த்து அனுப்ப வழிசெய்த 'மைம்' என்ற ஏற்பாடு 1992-இல்தான் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நாதானியேல் போரன்ஸ்டைன், அந்த ஆண்டு மார்ச் 11 அன்று தன் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய ஒலிப்பதிவையும் மடலில் இணைத்து அனுப்பினார். அன்றைக்கு வகுத்த அதே வழியில்தான் இன்றும் அட்டாச்மென்ட்கள் போகின்றன. கோப்பை அப்படியே அனுப்ப முடியாது என்பதால் அதை எழுத்துகளாக மாற்றுகிறார்கள். மூன்று பைட் இருந்த இடத்தில் நான்கு எழுத்து வரும். என் 22 மெகாபைட் வீடியோ கிளம்பும்போதே 30 மெகாபைட்டை நெருங்கியிருக்கும். அவ்வளவு கனமான மடலைப் பல மெயில் சர்வர்கள் வாசலிலேயே நிறுத்திவிடும்.

சரி, அட்டாச்மென்ட் வேண்டாம், இணையப் பக்கத்தில் ஓடுவதுபோல மடலுக்குள்ளேயே ஓடவைக்கலாமே என்று அடுத்து எல்லோரும் கேட்பார்கள். ஆப்பிள் மெயிலில் அது ஓரளவு முடியும். ஜிமெயிலில் முடியாது. விண்டோஸில் இருந்த பழைய அவுட்லுக்கிலும் முடியாது. அது 2007 பதிப்பிலிருந்து மடலைக் காட்டுவதற்கு வேர்ட் மென்பொருளின் எஞ்சினைப் பயன்படுத்தியது, ஆவணம் எழுதும் எஞ்சினிடம் வீடியோவை எதிர்பார்க்க முடியாது. வீடியோவை வேறு பக்கத்தில் பதித்துக்கொள்ள யூடியூபில் 'எம்பெட்' என்று ஒரு குறிமுறை கொடுப்பார்கள் அல்லவா, அதை மடலில் ஒட்டினால் மெயில் சேவைகள் அதைப் பிய்த்து எறிந்துவிடும். பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பிய மடலுக்குள் வெளியிலிருந்து வந்த நிரல் தானாக ஓடினால் என்னென்ன விபரீதம் நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு இடைஞ்சலாகத் தெரியும் இந்தத் தடை வாசகரைக் காப்பாற்றுகிறது. அதைச் சுற்றி வளைத்துத் தாண்டப் பார்ப்பவர்களுக்கு நான் உதவுவதில்லை.

ஆப்பிள் மெயிலில் மட்டும் ஓடவைத்து, மற்றவர்களுக்கு அதே இடத்தில் ஒரு படம் தெரியும்படி எழுதவும் வழி இருக்கிறது. நான் சில முறை செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சோதிக்கவே பாதி நாள் போனது. மாதம் ஒரு மடல் அனுப்பும் சிறிய குழுவுக்கு அந்த உழைப்பு தேவையில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் எது நம்பகமானது? வீடியோவிலிருந்து ஒரு காட்சியை நிலைப்படமாக எடுத்து, நடுவில் பிளே பட்டனை வரைந்து, அந்தப் படத்துக்கே லிங்க் கொடுப்பது. தொட்டால் ஒரு பக்கம் திறக்கும், அங்கே வீடியோ ஓடும். கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இதைச் சரியாகச் செய்த மடல்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

படத்திலிருந்து தொடங்குகிறேன். வீடியோவின் முதல் காட்சி பெரும்பாலும் லோகோவாகவோ கறுப்புத் திரையாகவோ இருக்கும். அதை எடுக்காதீர்கள். ஒருவர் ஏதோ ஒரு வேலையை நடுவில் செய்துகொண்டிருக்கும் காட்சியைத் தேடுங்கள். பட்டன் முகத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடலில் 600 பிக்சல் அகலத்துக்குக் காட்டப்போகும் படத்தை 1200 பிக்சலில் தயாரியுங்கள், இல்லையென்றால் இன்றைய போன் திரைகளில் மங்கித் தெரியும். வீடியோ எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் படத்துக்குக் கீழே எழுத்தில் போடுங்கள். "2 நிமிடம் 10 விநாடி" என்று இருந்தால், பேருந்துக்காக நிற்பவர் இப்போது பார்க்கலாமா, பிறகு பார்க்கலாமா என்று முடிவுசெய்வார். நேரம் தெரியாத வீடியோவைத் தொட எனக்கே தயக்கமாக இருக்கும்.

அப்புறம், படமே தெரியாத வாசகர்கள் இருக்கிறார்கள். பல அலுவலகங்களில் படங்கள் தானாக இறங்காதபடி வைத்திருப்பார்கள். சிலர் டேட்டா செலவாகும் என்று அணைத்து வைத்திருப்பார்கள். படத்துக்குப் பதிலாகக் காட்டப்படும் மாற்று உரையைக் காலியாக விட்டால், அவர்களுக்கு மடலின் நடுவே ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் தெரியும். மாற்று உரையில் "வீடியோ" என்ற ஒரே சொல்லைப் போடுவதும் போதாது. என்ன வீடியோ, எவ்வளவு நேரம் என்று ஒரு வரி எழுதுங்கள். படத்துக்குக் கீழே சாதாரண எழுத்திலும் ஒரு லிங்க் இருக்கட்டும்.

தானாக அசையும் படமான ஜிஃப் பற்றியும் கேட்பார்கள். ஓரிரு காட்சிகளை அசையவிட்டால் கண்ணை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜிஃப் 1987-இல் வந்த வடிவம். ஒரு காட்சிக்கு 256 நிறங்களே கிடைக்கும், கோப்போ சட்டென்று பருத்துவிடும். மூன்று விநாடிக்குள், ஒரு மெகாபைட்டுக்குள் முடித்துவிடுவேன். விண்டோஸின் பழைய அவுட்லுக் பதிப்புகள் பல, முதல் காட்சியை மட்டுமே காட்டும். ஆகவே அந்த முதல் காட்சி தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும், பிளே பட்டன் அதிலேயே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். பளிச் பளிச்சென்று மின்னும் ஜிஃப்பை யார் கேட்டாலும் அனுப்பமாட்டேன். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒளி மின்னலால் வலிப்பு வரக்கூடியவர்கள் நம் சந்தாதாரர் பட்டியலிலும் இருக்கலாம், நமக்குத் தெரியாது. ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது, தானாக அசையும் எதுவும் ஐந்து விநாடிக்கு மேல் நிறுத்த வழியில்லாமல் ஓடக் கூடாது என்று இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன. மடலில் நிறுத்தும் பட்டனுக்கு வழியில்லை. அதனால் ஜிஃப் முடிவில்லாமல் சுழலாமல், ஒரு முறை ஓடி நின்றுவிடும்படி அமைத்துவிடுகிறேன்.

இப்போது லிங்க் எங்கே போக வேண்டும் என்பதற்கு வருவோம். பெரும்பாலானவர்கள் நேராக யூடியூபுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், இரண்டு சம்பவங்கள் நடக்கும்வரை.

முதலாவதில், வீடியோவை 'பிரைவேட்' என்று வைத்தபடியே மடலை அனுப்பிவிட்டோம். அனுப்பும் முன் சோதித்துப் பார்த்தவர் அந்தச் சேனலின் கணக்கிலேயே உள்ளே நுழைந்திருந்தார். அவருக்கு அழகாக ஓடியது. வாசகர் எவருக்கும் ஓடவில்லை. பதில் மடல்கள் வரத் தொடங்கியதும், லிங்க் கையில் உள்ள எவரும் பார்க்கக்கூடிய 'அன்லிஸ்டட்' என்று மாற்றினோம், லிங்க் அதுவே என்பதால் உடனே சரியானது. ஆனால் மடலை வந்தவுடன் திறக்கும் வாசகர்கள்தான் நம் மீது அதிக அக்கறை உள்ளவர்கள். அவர்களைத்தான் மூடிய கதவுக்கு முன்னால் நிறுத்தியிருந்தோம்.

இரண்டாவது இன்னும் மோசம். வீடியோவில் பேசியவர் நிகழ்ச்சியின் தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டார், அனுப்பிய பிறகே கவனித்தோம். யூடியூபில் ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே முகவரியில் வேறொன்றை வைக்க முடியாது. புதிதாக ஏற்றினால் புது லிங்க் வரும். போன மடலைத் திரும்ப அழைக்கவும் முடியாது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு மடல் அனுப்பினோம். அதையும் திறக்காமல் தவறான நாளில் வந்து நின்றவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் தூரத்திலிருந்து வந்தவர். அவர் கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து மடலின் லிங்க் எப்போதும் எங்கள் சொந்தத் தளத்தின் ஒரு பக்கத்துக்குத்தான் போகும். வீடியோ அந்தப் பக்கத்தில் இருக்கும். தவறு வந்தால் பக்கத்தில் வீடியோவை மாற்றலாம், மேலே ஒரு திருத்தக் குறிப்பு எழுதலாம், மடல் ஏற்கெனவே எத்தனை பேரிடம் போயிருந்தாலும் அடுத்துத் தொடுபவர் திருத்திய வீடியோவைப் பார்ப்பார். இன்னொரு லாபமும் இருக்கிறது. யூடியூபுக்குப் போனவர் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மற்ற வீடியோக்களில் தொலைந்துவிடுவார். நம் பக்கத்தில் அவர் எதற்காக வந்தாரோ அது மட்டும் இருக்கும்.

அந்தப் பக்கத்தில் வீடியோ எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். பிளே பட்டனைத் தொட்டவருக்குப் பெயர், போன் நம்பர் கேட்கும் படிவத்தைக் காட்டுவது ஏமாற்று. வீடியோ என்று சொல்லி விற்பனைப் பக்கத்தைத் திறப்பதும் அப்படியே. ஒருமுறை அப்படிச் சிக்கியவர் அடுத்த மடலை ஸ்பேம் என்று குறித்துவிடுவார். ஜிமெயிலுக்கும் யாஹூவுக்கும் பெருமளவில் மடல் அனுப்புகிறவர்கள், ஸ்பேம் புகார்களை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. ஆயிரம் பேரில் மூன்று பேர் கோபித்துக்கொண்டால் மீதி எல்லோருக்கும் போக வேண்டிய மடல்களும் ஸ்பேமில் விழத் தொடங்கலாம்.

வாசகர்களாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மோசடி மடல்களும் இதே பிளே பட்டனைத்தான் தூண்டிலாகப் பயன்படுத்துகின்றன. தொட்டதும் "வீடியோவைப் பார்க்க இந்த பிளேயரை இறக்குங்கள்" என்றோ, மெயில் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்றோ கேட்டால் உடனே மூடிவிடுங்கள். ஒழுங்கான செய்திமடலின் வீடியோவுக்கு இரண்டும் தேவையே இல்லை. அனுப்புகிறவர்களும் இதை மனதில் வைத்து, சுருக்கிய லிங்க்குகளைத் தவிர்த்து, தங்கள் தளத்தின் பெயர் வெளிப்படையாகத் தெரியும் லிங்க்கைக் கொடுக்க வேண்டும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கிலும் ஏமாறுவது எளிது. ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த மெயில் தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் திறக்காவிட்டாலும் மடலின் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படம் இறங்குவதை வைத்தே மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கிடுவதால், எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்ற ஓபன் ரேட் உண்மையைவிட உயரமாகத் தெரியும். நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் லிங்க்குகளைத் தாங்களே திறந்து சோதிப்பதால் கிளிக் எண்ணிக்கையும் ஊதும். வீடியோவை எத்தனை பேர் ஓடவிட்டார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதை மட்டும் பார்க்கிறேன். நிறையப் பேர் முதல் இருபது விநாடியில் போய்விட்டால், வீடியோவின் தொடக்கம்தான் குற்றவாளி.

அனுப்பும் நாளில் நான் செய்வது இதுதான். லிங்க்கை எந்தக் கணக்கிலும் நுழையாத பிரவுசர் சன்னலில் திறந்து பார்க்கிறேன். போனில் வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை. படங்களை அணைத்துவிட்டு ஒருமுறை. ஒலி இல்லாமல் ஒருமுறை, சப்டைட்டில் ஒழுங்காக வருகிறதா என்று. மடலின் குறிமுறை 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டிவிடும், சந்தாவை விலக்கும் லிங்க்கும் கண்ணில் படாமல் போய்விடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக, வீடியோவில் பேசியதை எல்லாம் எழுத்தாக்கி அதே பக்கத்தில் கீழே போடுகிறேன். இதைத் தொடங்கியது ஒரு வாசகரால். அவருக்குப் பார்வை இல்லை, திரைவாசிப்பான் வழியாக மடலைக் கேட்பவர். "போன மாத வீடியோவில் 'இப்படித் திருப்புங்கள், இதை அழுத்துங்கள்' என்று மட்டுமே கேட்டது. எதை என்று எனக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். அடுத்த வீடியோவுக்குப் பேச்சை மட்டும் எழுதாமல், கைகள் செய்ததையும் படிப்படியாக எழுதிப் போட்டேன். இரண்டு நாளில் அவரிடமிருந்து பதில் வந்தது. மூன்றாவது படியில் நான் வரிசையை மாற்றி எழுதியிருப்பதாகவும், செய்து பார்த்தபோது தெரிந்ததாகவும் சொல்லியிருந்தார். வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அன்றே திருத்திவிட்டேன்.