துடிப்பிரைச்சல்: காதுக்குள் கேட்கும் நாடி

சோமனூர்ப் பக்கம் வயதானவர்கள் "காதுக்குள்ள தறி ஓடுதுங்" என்பார்கள். காலமெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் நின்ற காதில் ஓசை தங்கிவிடுவது உண்டு. என் அமுச்சியும், அதாவது அம்மாவின் அம்மாவும், அப்படித்தான் சொன்னார். ஆனால் அவர் காதில் ஓடிய தறி மாடிப்படி ஏறினால் வேகமெடுத்தது, உட்கார்ந்தால் தணிந்தது. அது தறி இல்லை, நாடி.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் பல்சடைல் டின்னிடஸ். இரண்டும் லத்தீன் வேர்தான்: டின்னிடஸ் மணி ஒலிப்பதையும், பல்ஸ் அடிப்பதையும் குறிக்கும். டின்னிடஸுக்குத் தமிழில் காதிரைச்சல் என்ற நல்ல சொல் புழங்குகிறது. ஆனால் கடல் இரையும், மழை இரையும். எல்லாம் விடாத ஓசை. விட்டு விட்டு அடிப்பது அந்தச் சொல்லில் இல்லை. அதனால் துடிப்பிரைச்சல் என்பதே பொருத்தம் என்பேன். துடி என்பது இடை சிறுத்த பழைய தோற்கருவி. உடுக்கையடிப் பாட்டுக் கேட்டு வளர்ந்த கொங்குக் காதுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பெயரில் துடிப்பு இருந்தால் மருத்துவரின் கவனம் ரத்தக்குழாய் பக்கம் போகும். கழுத்துத் தமனியில் கொழுப்பு படிந்து குறுகியிருக்கலாம். மூளைக்குள் அழுத்தம் கூடி, பெருஞ்சிரை நெரிந்திருக்கலாம். உடல் எடை கூடிய இளம்பெண்களிடம் இது அதிகம். நடுக்காதில் ரத்தக்குழாய்க் கட்டி இருக்கலாம். ரத்தசோகையும் தைராய்டு மிகுதியும்கூட ரத்த ஓட்டத்தை வேகமாக்கி ஓசை எழுப்பும். கவலைப்பட வேண்டியது மூளையுறையில் தமனியும் சிரையும் நேராக இணைந்துவிடும் ஃபிஸ்டுலா. சில வகை, மூளைக்குள் ரத்தம் கசியவைக்கும்.

அமுச்சி ஒரு வருடம் "காது இரையுதுங்" என்றே சொல்லி மாத்திரை வாங்கினார். அப்புறம் ஒரு மருத்துவர், எப்படிக் கேட்கிறது என்று மேசையில் தட்டிக் காட்டச் சொன்னார். அமுச்சி தட்டத் தட்ட, மருத்துவர் அவர் மணிக்கட்டில் நாடி பிடித்தார். இரண்டும் ஒன்று. காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது மருத்துவருக்கும் கேட்டது.

எம்ஆர்ஐ சந்தேகத்தைக் காட்டியது, ஆஞ்சியோகிராம் உறுதி செய்தது: ஃபிஸ்டுலா. காரணத்தைப் பொறுத்தே சிகிச்சை. நெரிந்த சிரைக்கு எடைக் குறைப்பும் மாத்திரையும், தேவைப்பட்டால் ஸ்டென்ட்டும். கட்டிக்கு அறுவை அல்லது கதிர்வீச்சு. அமுச்சிக்குக் கோயம்புத்தூரில் தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, பசை போன்ற மருந்தால் அந்த இணைப்பை அடைத்தார்கள்.

அன்று சாயங்காலம் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "தறி நின்னு போச்சு கண்ணு."