வீரரை நீக்கினால் பணம் மிஞ்சுமா? என்எஃப்எல் சம்பளக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை வீசி, தாக்குதலை நடத்தும் வீரர்) சொதப்பினால் போதும், "தூக்கிவிடுங்கள், சம்பளமாவது மிஞ்சும்" என்பார்கள் ரசிகர்கள். பெரும்பாலும் மிஞ்சாது.

2024-இல் ஓர் அணிக்கான சம்பள உச்சவரம்பு 25.54 கோடி டாலர். இந்த வரம்பு ஏட்டில் ஏறும் தொகைக்குத்தான், கையிலிருந்து போகும் ரொக்கத்துக்கு அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கான சைனிங் போனஸை வீரர் முதலிலேயே வாங்கிக்கொள்வார். ஏட்டிலோ அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதுவார்கள், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். வில்லங்கமெல்லாம் இங்கேதான்.

நான்காண்டு ஒப்பந்தம், போனஸ் 4 கோடி, ஆண்டுச் சம்பளம் 1.2 கோடி என்று வையுங்கள். ஏட்டில் ஆண்டுக்கு 2.2 கோடி ஏறும். இரண்டு ஆண்டு கழித்து மார்ச்சில் நீக்கினால் 1.2 கோடி சம்பளம் குறையும். ஆனால் இன்னும் எழுதாமல் நிற்கும் 2 கோடி போனஸ் மொத்தமாக அந்த ஆண்டின் தலையில் விழும். இதுதான் டெட் மணி. மிச்சம் வெறும் 20 லட்சம். மூன்றாம் ஆண்டுச் சம்பளத்துக்கும் உத்தரவாதம் கொடுத்திருந்தால், வைத்திருப்பதைவிட நீக்குவதற்கே 1 கோடி கூடுதலாக ஆகும். வேறு அணிக்கு மாற்றினாலும் போனஸ் பாக்கி பழைய அணிக்குத்தான்.

ஜூன் 1-க்குப் பிந்தைய நீக்கம் என்று குறித்தால் அந்த 2 கோடியை இரண்டு ஆண்டுகளில் சுமக்கலாம். ஓர் அணி ஆண்டுக்கு இரண்டு பேரை மார்ச்சிலேயே இப்படிக் குறிக்கலாம். ஆனால் ஜூன் வரை முழு 2.2 கோடியும் ஏட்டிலேயே நிற்கும். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை அணிகள் சேர்க்கும் மார்ச் சந்தையில் ஆள் பிடிக்க அந்தப் பணம் உதவாது. பலர் மறப்பது இதைத்தான்.

டென்வர் பிராங்கோஸ் 2022-இல் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனுக்கு ஐந்தாண்டு, 24.26 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தது. அந்த நீட்டிப்பில் ஓர் ஆட்டம்கூட ஆடுமுன் 2024 மார்ச்சில் அவரை விடுவித்தது. டெட் மணி சுமார் 8.5 கோடி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்தது. அப்படியும் அந்த ஆண்டே பிளேஆஃபுக்குப் போனார்கள். புதுமுகம் போ நிக்ஸ் மலிவான முதல் ஒப்பந்தத்தில் இருந்தார். அவர் இடத்தில் விலையுயர்ந்த குவார்ட்டர்பேக் இருந்திருந்தால் கணக்கு இடித்திருக்கும்.

ரீஸ்ட்ரக்சர், அதாவது சம்பளத்தைப் போனஸாக மாற்றி எழுதுவது, அதுவும் தள்ளுபடி அல்ல, தவணை. மூன்று ஆண்டு மீதமிருக்கும் வீரரின் சம்பளத்தில் 1.5 கோடியைப் போனஸாக்கி, அவர் ஆடப்போகாத, கணக்குக்காக மட்டும் வைக்கும் இரண்டு வாய்ட் ஆண்டுகளையும் சேர்த்தால், ஆண்டுக்கு 30 லட்சம்தான். இப்போது 1.2 கோடி இடம் கிடைக்கும். வீரருக்கும் பணம் முன்கூட்டியே வருவதால் மறுக்க மாட்டார். மூன்றாண்டு முடிந்ததும் அவர் போய்விடுவார், 60 லட்சம் ஏட்டில் நிற்கும். இருபத்தைந்து வயதுக்காரருக்கு இதைச் செய்யலாம். முப்பதைத் தாண்டியவருக்கு, முழங்கால் அறிக்கையைப் பார்க்காமல் செய்யவே கூடாது.

செப்டம்பரில் இன்னொரு பள்ளம். கோடையில் விலையுயர்ந்த 51 வீரர்களின் கணக்குதான் சேரும். சீசன் தொடங்கியதும் 53 பேர், காயப்பட்டியலில் இருப்பவர்கள், பயிற்சிக் குழு எல்லாம் ஏறும். பயிற்சிக் குழுவில் 16 பேர், 2024-இன் குறைந்தபட்ச வார ஊதியம் 12,500 டாலர், 18 வாரம் என்றால் அதுவே 36 லட்சம். காயத்துக்கு மாற்றாள் செலவு தனி.

நான்கு சீசன் கடந்த மூத்த வீரர் முதல் வார ஆட்டத்தின்போது அணியில் இருந்தால், பிறகு நீக்கினாலும் அந்த சீசன் சம்பளத்தைக் கோர முடியும். முதல் ஆட்டம் முடிந்த செவ்வாயன்று சில மூத்தவர்கள் திடீரென ஒப்பந்தமாவது அதனால்தான்.